6ஜி: கணக்கில் வரும் ஆபத்தும் கணக்கில் வராத ஆபத்தும்

மதுரையில் எந்தத் தெருவில், எந்த மொட்டை மாடியில் டவர் வேலை தொடங்கினாலும் அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு போய்விடும். ஆனையூரோ வில்லாபுரமோ திருநகரோ, மனுவில் இருக்கும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கதிர்வீச்சால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து, டவரை அகற்றுங்கள். 4ஜி, 5ஜி காலத்தில் பார்த்த இதே மனுவை அடுத்த தலைமுறையான 6ஜிக்கும் பார்ப்போம். மனு கொடுப்பவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. தன் தலைக்கு மேல் என்னத்தை வைக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் 6ஜி விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகளில் இது கடைசி வரிசையில் வருவது என்பது என் வாதம். முன்வரிசைக் கேள்விகளை ஊருக்குள் யாரும் கேட்கக் காணோம், அவற்றுக்கான பதில்களோ இப்போதே எங்கேயோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

கதிர்வீச்சை முதலில் முடித்துவிடலாம். செல்போன் அலை எக்ஸ்ரே வகையறா இல்லை. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. உடம்பில் அது செய்வதாக உறுதியாக நிறுவப்பட்டிருப்பது, சக்தி அதிகமானால் திசுவைச் சூடாக்கும் என்பதுதான். 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை '2பி' பட்டியலில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது உண்மை. அதே நிறுவனம் ஏற்பாடு செய்து 2024-ல் வெளிவந்த பெரிய மறுஆய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்று சொன்னது. இந்தியாவில் 2012 செப்டம்பரிலேயே டவர் கதிர்வீச்சுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். இன்னொன்று, இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை: நம் உடம்பில் படும் அலையில் பெரும்பங்கு டவரிலிருந்து வருவதில்லை, காதோடு ஒட்டி வைத்திருக்கும் போனிலிருந்து வருகிறது, டவர் தள்ளிப் போகப் போக போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், அதனால் தெருவிலிருந்து டவரை விரட்டினால் உங்கள் காதுக்குப் பக்கத்தில் அலை கூடத்தான் செய்யும். 6ஜிக்காகப் பேசப்பட்ட, 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் பற்றி நீண்டகால ஆய்வுகள் போதாது என்ற குறை நியாயமானது. அந்த ஆய்வுகளைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். சரி, இது இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். 6ஜி என்பது இன்னும் பொருளாக இல்லை, காகிதமாக இருக்கிறது. ஐ.நா.வின் அங்கமான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் 'ஐஎம்டி-2030' என்ற சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. இந்தத் தலைமுறை என்னென்ன செய்ய வேண்டும் என்பதன் பட்டியல் அது. உண்மையான தொழில்நுட்ப விதிகளை எழுதுவது 3ஜிபிபி என்ற அமைப்பு. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் இஞ்சியோனில் கூடி 6ஜி வேலையைத் தொடங்கினார்கள். வெளியீடு 20 என்ற தொகுப்பில் ஆய்வு, 21-ல் விதிகள், 2030 வாக்கில் சேவை என்பது திட்டம். இந்தியாவும் சும்மா இல்லை, 2023 மார்ச்சில் பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணம் வந்தது, ஜூலையில் பாரத் 6ஜி கூட்டணி அமைந்தது. ஆக, இன்னும் சில வருடங்களுக்கு எல்லாமே மாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது. அதற்குப் பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 2ஜியைப் பார்த்தாலே போதும்.

1980-களில் ஐரோப்பாவில் 2ஜியின் அடிப்படையான ஜிஎஸ்எம் விதிகளை எழுதியபோது, போன் தன்னை யார் என்று நெட்வொர்க்கிடம் நிரூபிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நெட்வொர்க் தன்னைப் போனிடம் நிரூபிக்க வேண்டும் என்று வைக்கவில்லை. போலியாக ஒரு டவரையே எவனாவது கட்டுவான் என்று அன்று பெரிதாகக் கவலைப்படவில்லை, கருவியின் விலை அப்படி. இன்று அந்தக் கருவி ஒரு காருக்குள் அடங்கிவிடுகிறது. 2024-ல் லண்டனிலும் பாங்காக்கிலும் இப்படிப் போலி டவரைக் கொண்டு, வங்கி போன்ற நிறுவனங்கள் அனுப்பியது போலக் குறுஞ்செய்திகளை அள்ளி வீசிய ஆட்களைப் பிடித்தார்கள். 3ஜியிலேயே அந்த ஓட்டையை அடைத்தாயிற்றே என்றால், அடைத்தது உண்மைதான், ஆனால் கையில் இருக்கும் 5ஜி போனும் வேறு சிக்னல் கிடைக்காவிட்டால் 2ஜிக்கு இறங்கத் தயாராகவே இருக்கிறது, மோசடிக்காரன் அதை இறக்கிவிடுகிறான். 2ஜியையே மூடிவிடலாமே? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அதிகாலையில் போய்ப் பாருங்கள், எத்தனை கையில் பட்டன் போன் இருக்கிறது என்று. அந்தப் போன்களில் பலவற்றுக்கு 2ஜியைத் தவிர வேறு கதி இல்லை. இதே கதைதான் நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற முறைக்கும். எழுபதுகளில் உருவான அதை வைத்து, 2017-ல் ஜெர்மனியில் ஓடிபியை நடுவில் பிடித்து வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள். ஒரு தலைமுறையில் எழுதிய வரி, அதற்கடுத்த மூன்று தலைமுறைகள் வந்த பிறகும் ஆளைக் கடிக்கிறது.

நிறுவனங்கள் ஆபத்தைக் கணக்கிடுவதற்கு வழக்கமான ஒரு முறை உண்டு. ஒரு விஷயம் நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு, இரண்டையும் பெருக்கி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் போடுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்த அட்டவணையில் பாதிப்பு என்பது அட்டவணையை எழுதுபவரின் பாதிப்பு: கருவி தாமதம், உரிமம் ரத்து, முதலீடு நஷ்டம். யார் தலையில் விழும் என்ற பத்தி தனியாக இருக்காது. ஜிஎஸ்எம் எழுதியவர்களுக்குப் போலி டவரால் இன்றுவரை பைசா நஷ்டமில்லை. நஷ்டம் ஓடிபியைத் தொலைத்தவருக்கு. 6ஜியின் ஒவ்வொரு அம்சத்தையும் இந்தப் பத்தியைச் சேர்த்துப் படித்தால் வரிசை வேறு மாதிரி ஆகிறது.

அந்த வரிசையில் என் கணக்கில் முதலில் நிற்பது, 6ஜியின் புது அம்சமாகப் பேசப்படும் 'உணர்தல்'. ஐஎம்டி-2030 சொல்லும் ஆறு பயன்பாடுகளில் ஒன்று தகவல் தொடர்பையும் உணர்தலையும் இணைப்பது. டவர் அனுப்பும் அலை போனுக்குப் போவதோடு நிற்காமல் சுவர், வண்டி, மனுஷன், மாடு என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். இதுவரை அந்த எதிரொலி தொந்தரவாகவே பார்க்கப்பட்டது. இனி அதைப் படிக்கப் போகிறார்கள், அதாவது ஒவ்வொரு டவரும் ஒரு ரேடார். கட்டுக்கதை இல்லை இது. 2015-லேயே எம்ஐடியில் அறைக்குள் இருப்பவரின் மூச்சையும் இதயத்துடிப்பையும் அலைகளை வைத்து அளந்து காட்டினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாதாரண வைஃபை சிக்னலிலிருந்து ஆட்கள் நிற்கும், உட்காரும் தோரணையை வரைந்து காட்டிய ஆய்வு 2022-ல் வந்தது.

நல்ல பயன் இல்லையா என்றால் நிறையவே இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக் கரையில் எங்கே நெரிசல் கட்டுகிறது என்பதை, கேமராவுக்குத் தெரியாத இருட்டிலும் நொடிக்கு நொடி சொல்ல முடிந்தால் அது உயிர் காக்கும் விஷயம். விமான நிலையப் பக்கம் அனுமதியில்லாமல் பறக்கும் ட்ரோனைப் பிடிக்கலாம். ஆனால் இன்னொரு பக்கம் யோசியுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. வெளியே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போகிறோம். இன்று வரைக்கும் ஒருவரின் நடமாட்டத்தை நெட்வொர்க் அறிய அவர் கையில் போனும் அதில் சிம்மும் இருந்தாக வேண்டும். போனைக் கொடுத்துவிட்டால் அவர் நெட்வொர்க்கின் கண்ணில் இல்லை. உணரும் நெட்வொர்க்கில் அந்த வாசல் அடைபடுகிறது. போனே வாங்காத கிழவியும் டவரின் பார்வைக்குள் வருவார், அதுவும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாமல்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. அந்தச் சட்டம் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தரவைப் பற்றியது. பெயர் இல்லாத எதிரொலி அதில் வருமா என்பது வக்கீல்கள் வாதாட நல்ல கேள்வி, ஆனால் ஒரே வீட்டில் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் ஒரே நடைக்கு ஆள் பெயர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் செய்தியை இடைமறிப்பது பற்றிப் பேசுகிறது. எதிரொலியைச் சேர்த்து வைப்பதை நினைத்து எழுதிய சட்டமாக அது எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதில் பூட்டு போட வேண்டிய இடம் முதலில் தொழில்நுட்ப விதிதான். எதிரொலியை டவரிலேயே கணக்கிட்டு முடிவை மட்டும் மேலே அனுப்பு, மூலத்தை அழி, யார் எப்போது கேட்டார்கள் என்று பதிவு வை, குடியிருப்புப் பகுதியில் இயல்பாக அணைத்தே வை என்று விதியிலேயே எழுத முடியும். 2030-க்குப் பிறகு இதைச் சேர்க்கச் சொன்னால், விற்ற கருவியை எல்லாம் மாற்ற வேண்டும் என்று கையை விரிப்பார்கள்.

அடுத்தது அலைவரிசை. சில வருடங்களுக்கு முன்பு வரை 6ஜி என்றாலே டெராஹெர்ட்ஸ் என்ற மிக உயர்ந்த அலைவரிசை, நொடிக்கு ஒரு டெராபிட் என்று பேச்சாக இருந்தது. அந்தச் சத்தம் இப்போது அடங்கிவிட்டது, காரணம் இயற்பியல். ஒரே மாதிரி ஆண்டெனாவை வைத்துக்கொண்டு, இன்றைய 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 140-க்குப் போனால், அதே தூரத்தில் கிடைக்கும் சக்தி 1,600-ல் ஒரு பங்காகிவிடும். நிறைய சின்ன ஆண்டெனாக்களைச் சேர்த்து அலையைக் குவித்து ஓரளவு ஈடுகட்டலாம், ஆனால் சுவரும் மழையும் குறுக்கே வரும். மாசி வீதிக்குள் இருக்கும் சந்துகளில் பழைய செங்கல் சுவரைத் தாண்டி அந்த அலை போகும் என்று எந்தப் பொறியாளரும் சத்தியம் செய்ய மாட்டார். எனவே இப்போது கண் விழுந்திருப்பது 7 கிகாஹெர்ட்ஸ் பக்கம். 2027 இறுதியில் ஷாங்காயில் நடக்கவிருக்கும் உலக வானொலி மாநாட்டின் பரிசீலனையில் 4.4 முதல் 4.8, 7.125 முதல் 8.4, 14.8 முதல் 15.35 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைகள் இருக்கின்றன.

இவை எதுவும் காலி மனை இல்லை, பக்கத்திலும் உள்ளேயும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ உயரமானி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 5ஜியை அதற்குச் சற்றுக் கீழே தொடங்கியபோதே 2022 ஜனவரியில் பெரிய களேபரம் ஆகி, ஏர் இந்தியா உட்படப் பல நிறுவனங்கள் விமானங்களை ரத்து செய்தன. நம் தொலைத்தொடர்புத் துறையும் அந்த வருடம் நவம்பரில், ஓடுதளத்தின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கி.மீ. தூரத்துக்குள் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 5ஜி டவர் வைக்கக் கூடாது என்றது. இப்போது பேசப்படும் 4.4 முதல் 4.8 வரையிலான பட்டையோ, உயரமானிப் பட்டை முடியும் புள்ளியிலேயே தொடங்குகிறது, நடுவில் இடைவெளியே இல்லை. மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடி பக்கம் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம், விமானங்களில் பக்கத்துப் பட்டை அலையைத் தடுக்கும் வடிகட்டியை மாற்றும் வரை அவர்கள் ஊரில் டவர் எடுக்காது என்பதாகவும் இருக்கலாம். மேலே 8 கிகாஹெர்ட்ஸை ஒட்டி, நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களைத் தரைக்கு அனுப்பும் பட்டை இருக்கிறது. அதையும் தாண்டி 23.8 கிகாஹெர்ட்ஸில் காற்றிலுள்ள நீராவி தானே வெளியிடும் மெல்லிய அலையைச் செயற்கைக்கோள் கேட்டுத்தான் வானிலைக் கணிப்பு உருவாகிறது. அந்த அலையை வேறு எண்ணுக்கு மாற்றச் சொல்லி நீராவியிடம் கேட்க முடியாது. 2019-ல் அமெரிக்கா பக்கத்துப் பட்டையை ஏலம் விட்டபோது, கணிப்பின் துல்லியம் 30 சதவீதம் வரை குறையக்கூடும் என்று அந்நாட்டு வானிலைத் துறையின் பொறுப்புத் தலைவரே நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். வடகிழக்குப் பருவமழையையும் வங்கக் கடல் புயலையும் நம்பி வைகை அணையின் மதகைத் திறந்து மூடும் ஊருக்கு இது அந்நிய விவகாரம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் இரண்டையும் சுருக்கமாகவே தொட்டுவிட்டுப் போகிறேன். குவாண்டம் கணினி இன்றைய குறியாக்கப் பூட்டை உடைக்கும் நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இன்றைக்கே தரவைத் திருடிச் சேர்த்து வைத்து அன்று திறக்கலாம். மாற்றுப் பூட்டுகளுக்கான முதல் மூன்று தரநிலைகளை அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது, 6ஜியில் தொடக்கத்திலேயே அவற்றை வைத்தால் தீர்ந்தது. செயற்கை நுண்ணறிவு நெட்வொர்க்கைத் தானே நடத்தும் என்பதில் எனக்குள்ள பயம் அது கெட்டதாகிவிடும் என்பதல்ல. தப்பு நடந்தால் எதனால் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போவதுதான். மனிதர்கள் நடத்தும்போதே என்ன ஆகிறது பாருங்கள்: 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க்கில் மேம்படுத்தும் வேலையின்போது தரவு வழிகளைக் கட்டுப்படுத்தும் ஒரு வடிகட்டியை நீக்கப் போய் 1.2 கோடிப் பேருக்கு மேல் இணைப்பு போனது, அவசர எண்ணுக்கு அழைக்க முடியவில்லை, நாடு முழுக்க டெபிட் கார்டு பணம் செலுத்தல் நின்றது, சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களே அதே நெட்வொர்க் போனை வைத்திருந்ததால் ஒருவரோடொருவர் பேச முடியாமல் தவித்தார்கள். ஜிகர்தண்டா கடையிலிருந்து ஷேர் ஆட்டோ வரை ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும் ஊரில், ஆம்புலன்ஸும் மின்சார மீட்டரும் தண்ணீர் மோட்டாரும் ஒரே நெட்வொர்க்கில் ஏறிய பிறகு இப்படி ஒரு நாள் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காசு. இதைத்தான் நிறுவனங்களின் அட்டவணையில் பெரிய சிவப்புக் கட்டமாகப் பார்க்கலாம், அவர்கள் நோக்கில் நியாயமும்கூட. 2022-ன் 5ஜி அலைவரிசை ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் போனது. அதில் வாங்கிய 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பிடிக்கும் போன் உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது இருக்கிறதா? உலக அளவில் சேவை நிறுவனங்களின் கூட்டணியான என்ஜிஎம்என் 2023-லேயே, 6ஜிக்காக 5ஜி கருவிகளைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள், மென்பொருளாகக் கொண்டு வாருங்கள் என்று எழுதிவிட்டது.

ஆனால் இந்தச் சிவப்புக் கட்டமும் கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் இறங்கும். தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலுக்கு மனுச் செய்தபோது இங்கே எத்தனை பேர் ஆதாரோடும் வங்கியோடும் இணைத்த எண்ணில் ஓடிபி வராமல் அலைந்தார்கள் என்பது மறந்திருக்காது. 2019 அக்டோபரில் நிறுவனங்கள் வருவாயில் அரசுக்குத் தர வேண்டிய பங்கு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் ஏஜிஆர் தீர்ப்பு பாக்கித் தொகைகளை உறுதி செய்தது. வோடஃபோன் ஐடியாவின் கடனைப் பங்காக மாற்றி 2025-ல் அரசே கிட்டத்தட்ட 49 சதவீதத்தை வைத்திருக்க வேண்டிய நிலை. இன்னொரு தலைமுறை, இன்னொரு ஏலம் என்று வந்தால், போட்டி இன்னும் சுருங்கி ரீசார்ஜ் விலை ஏறும் வாய்ப்புதான் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. போட்ட காசை முதலில் எடுக்கும் இடம் அண்ணா நகரும் கே.கே. நகரும்தான், பேரையூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் வாசலுக்கு வந்து நின்று போன் பேசுபவர் இல்லை.

இந்த இடத்தில் இந்தியா ஒரு முறை நல்ல காரியம் செய்திருக்கிறது. 5ஜி தேர்வுக்கான நிபந்தனைகளை எழுதும்போது, கிராமத்தில் டவருக்கும் டவருக்கும் 6 கி.மீ. இடைவெளி இருந்தாலும் வேலை செய்து காட்ட வேண்டும் என்ற சோதனையைச் சர்வதேச ஒன்றியத்தில் சேர்க்க வைத்தது. ஊராட்சி அலுவலகம் வரைக்கும் ஃபைபர் வந்துவிட்டால் அங்கே ஒரு டவரை நட்டுச் சுற்றியுள்ள குக்கிராமங்களை எல்லாம் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. சென்னை ஐஐடிக்காரர்களின் உழைப்பு அதில் உண்டு. அதை ஒட்டி '5ஜிஐ' என்று தனித் தரநிலையும் உருவானது. அப்போது வேறொரு ஆபத்து தலைதூக்கியது. உலகத்துக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று ஆனால் போன் விலை ஏறும் என்று சேவை நிறுவனங்கள் எதிர்த்தன, கடைசியில் அதை 3ஜிபிபி விதிகளோடு இணைத்தார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்: தனியாகப் பிரிந்து போவதைவிட பொது விதிக்குள்ளேயே நம் ஊர் நிபந்தனையை நுழைப்பது மலிவு.

6ஜிக்கும் அப்படி நிபந்தனை எழுதும் கட்டம் இதுதான். தொழில்நுட்பங்களைச் சர்வதேச ஒன்றியத்திடம் முன்மொழிவது 2027-ல் தொடங்கி 2029 தொடக்கம் வரை போகும், அதற்குள் இந்தியா தன் நிலைப்பாட்டை முடிவு செய்ய வேண்டும். அலைவரிசை ஏலத்துக்கும் விலைக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒவ்வொரு முறையும் கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிடுகிறது. மின்னஞ்சலில் யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம், வந்த பதில்களைத் தன் இணையதளத்தில் போடுகிறது. பழையவற்றைத் திறந்து பார்த்தால் சேவை நிறுவனங்கள், கருவி விற்பவர்கள், அவர்களுடைய சங்கங்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். உசிலம்பட்டியிலிருந்து ஒரு கடிதம் போனால் அதையும் அந்தப் பட்டியலில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.